நீரின் வாய்பாடு பிறந்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பொருளின் மூன்று நிலைகளைப் பற்றிய பாடம் அது. நீர் உறைந்து பனிக்கட்டியாவதையும், கொதித்து நீராவியாவதையும் விளக்கி முடித்த வேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். இடைநிலைப்பள்ளியில் பயிலும் தன் அண்ணனின் பாடநூலை அவள் புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

“ஐயா, அண்ணன் புத்தகத்தில் நீருக்கு ‘எச் 2 ஓ’ என்று போட்டிருக்கிறது. ஹைட்ரஜன் அணு இரண்டு, உயிர்வளி அணு ஒன்று என்று அண்ணன் சொல்கிறார். அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்றும் அவரே சொல்கிறார். பார்க்க முடியாததை இரண்டு என்று யார் எண்ணினார்கள்?”

வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. “அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட உண்மை அது, இப்போதைக்கு மனத்தில் இருத்திக்கொள்” என்று சொல்லி அவளை அமரச் செய்தேன். அவளும் அமர்ந்தாள். ஆனால் நான் சொன்னது விடையன்று என்பதை அவள் அறிந்தாள்; நானும் அறிந்தேன். அன்றிலிருந்து அவ்வினா என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிச் சென்றபோதுதான், அந்தச் சிறிய வாய்பாட்டுக்குள் வேதியியலின் அடிப்படைக் கருத்துகள் அனைத்தும் அடங்கியிருப்பதைக் கண்டேன். தனிமம், சேர்மம், எடை அழியாமை, அணு, மூலக்கூறு, குறியீடு ஆகிய ஒவ்வொன்றும் நீரைப் பற்றிய ஒவ்வொரு வினாவுக்கு விடையாகப் பிறந்தவை. அவ்வரலாற்றை வேதியியலைப் புதிதாகத் தொடங்குவோர்க்கு ஏற்ற வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூதமாக இருந்த நீர்

உலகம் எவற்றால் ஆனது என்னும் வினா மிகத் தொன்மையானது. நிலம், நீர், தீ, காற்று, வான் ஆகிய ஐந்தின் கலப்பே உலகம் என்று நம் முன்னோர் கருதினர். தொல்காப்பியமும் உலகை இவ்வாறே விளக்குகிறது. கிரேக்க நாட்டில் எம்பெடோக்கிளிசும் அவருக்குப் பின் அரிஸ்டாட்டிலும் நிலம், நீர், தீ, காற்று என நான்கு பூதங்களைக் கூறினர். இக்கொள்கைகள் அனைத்திலும் நீருக்கு ஓர் இடம் இருந்தது. நீர் வேறொன்றால் ஆனதன்று; பிறவே நீர் முதலியவற்றால் ஆயின என்பது கருத்து.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. விறகை எரித்தால் தீ எழுகிறது. புகை காற்றில் கலக்கிறது. பச்சை விறகின் முனையில் நீர் கசிகிறது. இறுதியில் சாம்பல் மண்ணாக எஞ்சுகிறது. கண்ணால் கண்டதை வைத்து அவர்கள் வகுத்த முறை அது. கண்ணுக்குப் புலப்படாத வளிகளைப் பிடித்து அடைக்கும் கருவியோ, அவற்றை எடையிடும் வழியோ அக்காலத்தில் இல்லை. ஆதலின் நீர் ஒரு பூதமே என்னும் நம்பிக்கை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது.

தராசு புகுந்த கதை

அந்நம்பிக்கையைத் தராசு கொண்டு மெய்ப்பிக்க முயன்றவர் பெல்ஜிய நாட்டு மருத்துவர் வான் ஹெல்மான்ட். அவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். நீரைத் தவிர வேறொன்றும் இடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிடுங்கி நிறுத்தபோது மரம் 169 இறாத்தலும் சில அவுன்சும் இருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே மரத்தின் பட்டையும் தண்டும் வேரும் நீரிலிருந்தே தோன்றின என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்த பின்னர், 1648ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்சோதனை இடம்பெற்றது.

சோதனை செம்மையானதே, முடிவுதான் பிழைபட்டது. மரம் காற்றிலிருந்து கரிவளியை உட்கொள்கிறது என்பதை அவர் அறியார். ‘வளி’ என்னும் பொருளில் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கேஸ்’ என்ற சொல்லைப் படைத்தவரே அவர்தாம் என்பது வியப்புக்குரியது. தராசு ஒருபோதும் பொய் சொல்லாது. ஆனால் தட்டில் வைக்கப்படாத பொருளைப் பற்றி அது ஒன்றும் கூறாது. மாணவர்க்கு நாம் உணர்த்த வேண்டிய முதற்பாடம் இது.

1661ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் பாயில், ‘ஐயுறும் வேதியியலார்’ எனப் பொருள்படும் பெயருடைய நூலை வெளியிட்டார். எப்பொருள் வேறு பொருள்களால் ஆகாததோ, எப்பொருளாகப் பிற பொருள்கள் இறுதியில் பிரிகின்றனவோ, அதுவே தனிமம் எனப்படத் தக்கது என்பது அந்நூலில் அவர் கூறிய விளக்கம். எவை தனிமங்கள் என்று அவர் பட்டியல் தரவில்லை. ஆயினும், பழையோர் சொன்னார் என்பதற்காக ஒன்றைத் தனிமம் என ஏற்றல் கூடாது. பிரித்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்னும் அளவுகோல் அவரால் கிடைத்தது.

அவ்வளவுகோலை உறுதியோடு கையாண்டவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். 1743ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிறந்த அவர், நீரைக் காய்ச்சினால் மண்ணாக மாறும் என்று பலர் நம்பியதைச் சோதிக்க முற்பட்டார். நீரைக் கண்ணாடிக் கலத்தில் நெடுநேரம் காய்ச்சினால் அடியில் மண் போன்ற படிவு தோன்றுவது உண்மை. அவர் வாலை போன்றதொரு மூடிய கண்ணாடிக் கலத்தில் நீரை இட்டு, ஆவியாகி மீண்டும் அதே கலத்தில் வழியுமாறு செய்து, 101 நாள் இடைவிடாமல் காய்ச்சினார். 1768ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய சோதனை 1769ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது. படிவு தோன்றியது. ஆனால் நீரின் எடை குறையவில்லை. கலத்தின் எடை குறைந்திருந்தது. கலம் இழந்த எடையும் நீரில் கிடைத்த திண்பொருளின் எடையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. அந்த மண் நீரிலிருந்து வந்ததன்று, கண்ணாடி கரைந்து வந்தது என்பது தெளிவாயிற்று.

வான் ஹெல்மான்ட் செய்யத் தவறியதை லவாய்சியர் செய்தார். சோதனையில் பங்குகொண்ட அனைத்தையும், கலத்தையும்கூட, அவர் தராசில் ஏற்றினார். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் மொத்த எடை மாறாது என்னும் விதியைத் தம் ஆய்வுகள் அனைத்திற்கும் அடிப்படையாகக் கொண்டார். வேதியியலின் முதற்கருத்து இதுவே எனலாம்.

வளிகளின் காலம்

நீர் எதனால் ஆனது என்பதை அறிய, முதலில் வளிகளை அறிய வேண்டியிருந்தது. காற்று ஒரே பொருள் என்னும் எண்ணத்தைத் தகர்த்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எடை குறைவதையும், அவ்வாறு குறைவதற்கு அதிலிருந்து வெளியேறும் ஒரு வளியே காரணம் என்பதையும் அவர் 1756ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாம் கரிவளி என்பது அதுவே. காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்யும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அதன் தெளிந்த நீரில் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால் நீர் பால் போல் வெண்மையாகும். நம் மூச்சில் உள்ள கரிவளியைச் சுண்ணாம்பு மீண்டும் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். எளிதாகச் செய்து காட்டத்தக்க இச்சோதனை பிளாக்கின் கண்டுபிடிப்பையே நம் வகுப்பறைக்குக் கொண்டுவந்துவிடும்.

1766ஆம் ஆண்டில் ஹென்றி கேவண்டிஷ், உலோகங்களின்மேல் அமிலத்தை ஊற்றும்போது எழும் ‘எரியும் காற்றை’ ஆராய்ந்து எழுதினார். 1774ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதல் நாள், ஜோசப் பிரீஸ்ட்லி செந்நிறப் பாதரசப் பற்பத்தை ஒரு பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்துச் சூடாக்கினார். அதிலிருந்து எழுந்த வளியில் மெழுகுவத்தி பேரொளியோடு எரிந்தது. சுவீடன் நாட்டு ஷீலே அதே வளியை அவருக்கு முன்னரே கண்டிருந்தார். ஆனால் அவருடைய நூல் 1777ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

இருவரும் வளியைக் கண்டனர். அதன் பொருளைக் காணவில்லை. அக்காலத்தார், எரியும் பொருள் ஒவ்வொன்றிலும் ‘புளோஜிஸ்டன்’ என்னும் ஒரு கூறு உண்டென்றும், எரிதல் என்பது அக்கூறு வெளியேறுதலே என்றும் நம்பினர். இந்த நம்பிக்கைக்கு ஓர் இடர் இருந்தது. கந்தகமும் பாசுவரமும் எரிந்தபின் எடை கூடுகின்றன என்பதை லவாய்சியர் 1772ஆம் ஆண்டிலேயே கண்டார். வெளியேறியது ஒன்றென்றால் எடை குறைய வேண்டுமன்றோ? இரும்பு துருவேறும்போதும் எடை கூடுகிறது. தோட்டத்தில் மழையில் நனைந்து துருவேறிய பால்வெட்டுக் கத்தியைத் தேய்த்துத் தீட்டும்போது உதிரும் பழுப்புத் தூள் இரும்பு மட்டுமன்று. காற்றிலிருந்து இரும்பு பற்றிக்கொண்ட பங்கும் அதில் உண்டு.

1774ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாரிசுக்கு வந்த பிரீஸ்ட்லி, விருந்தொன்றில் தம் புதிய வளியைப் பற்றி லவாய்சியரிடம் கூறினார். லவாய்சியர் அச்சோதனைகளைத் தம் தராசோடு மீண்டும் செய்தார். எரிதல் என்பது ஒன்று வெளியேறுதல் அன்று. காற்றிலுள்ள ஒரு வளியோடு சேர்தல் என்று நிறுவினார். அவ்வளிக்கு ‘ஆக்சிஜன்’ எனப் பெயரிட்டார். ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்பது அதன் பொருள். அமிலங்கள் அனைத்திலும் அவ்வளி உண்டென அவர் நினைத்தது பிழை என்பதை ஹம்பிரி டேவி 1810ஆம் ஆண்டில் காட்டினார். பிழையான பொருளுடைய பெயர் உலகமெங்கும் நிலைத்துவிட்டது. நம் ‘உயிர்வளி’ என்னும் சொல்லோ அவ்வளி ஆற்றும் தொழிலையே உரைக்கிறது.

நீர் தனிமம் அன்று

பிரீஸ்ட்லியும் அவருடைய நண்பரும் எரியும் காற்றைக் காற்றோடு கலந்து மின்பொறியால் வெடிக்கச் செய்தபோது, கலத்தின் உட்புறத்தில் பனித்துளி போன்ற ஈரத்தைக் கண்டனர். அதற்குப் பெருமதிப்புத் தரவில்லை. கேவண்டிஷ் அதனை விடவில்லை. 1781ஆம் ஆண்டு முதல் பொறுமையோடு சோதித்து, எரியும் காற்று இரண்டு பங்கும் பிரீஸ்ட்லியின் வளி ஒரு பங்கும் சேர்ந்தால் தூய நீரே கிடைக்கிறது என்பதை அறிந்தார். அவர் கட்டுரை 1784ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் புளோஜிஸ்டன் கொள்கையில் ஊறியிருந்த அவர், அவ்வளிகளுக்குள் முன்பே அடங்கியிருந்த நீர் வெளிப்பட்டது என்ற வகையிலேயே விளக்கம் தந்தார்.

கேவண்டிஷின் உதவியாளர் வாயிலாக 1783ஆம் ஆண்டு சூன் திங்களில் இச்செய்தியைக் கேட்ட லவாய்சியர், லாப்லாசோடு சேர்ந்து உடனே அச்சோதனையைச் செய்தார். பின்னர் அதன் மறுதலையையும் செய்து காட்டினார். செஞ்சூடாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துப்பாக்கிக் குழாயின் வழியே நீரைச் செலுத்தினார். நீரிலுள்ள உயிர்வளியை இரும்பு பற்றிக்கொண்டு எடை கூடியது; எரியும் காற்று மறுமுனையில் வெளிவந்தது. 1785ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அறிஞர் பலர் கூடிய அவையில், இரண்டு நாள் தொடர்ந்து நீரைப் பிரித்தும் மீண்டும் சேர்த்தும் காட்டினார். ஈராயிரம் ஆண்டுகள் பூதமாக இருந்த நீர், அன்று சேர்மம் ஆயிற்று.

சேர்மத்திற்கும் கலவைக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். ஹைட்ரஜன் எரியும் தன்மையது. உயிர்வளி எரிதலுக்குத் துணைநிற்பது. இரண்டையும் வெறுமனே ஒரு கலத்தில் இட்டால் அது கலவை. பொறி பட்டுச் சேர்ந்தபின் கிடைக்கும் நீரோ தீயை அணைக்கிறது. பகுதிகளின் தன்மை மறைந்து புதுத்தன்மை தோன்றுவதே சேர்மத்தின் இலக்கணமாகும்.

1787ஆம் ஆண்டில் லவாய்சியரும் அவருடைய தோழர் மூவரும் வேதிப்பொருள்களுக்குப் புதிய பெயர்முறையை வகுத்தனர். எரியும் காற்று, ‘நீரைப் பிறப்பிப்பது’ எனப் பொருள்படும் ‘ஹைட்ரஜன்’ என்னும் பெயரைப் பெற்றது. 1789ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பாடநூலில் 33 தனிமங்களின் பட்டியல் இருந்தது. ஒளியையும் வெப்பத்தையும் அவர் அதில் சேர்த்தது பிழையே. ஆயினும் நீர் அப்பட்டியலில் இல்லை. அந்நூலின் படங்களை வரைந்தவர் அவருடைய துணைவியார் மேரி ஆன் ஆவார். வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த குற்றத்திற்காக லவாய்சியர் பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் தலை வெட்டப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 50.

டால்டனின் அணு

நீர் இரண்டு தனிமங்களால் ஆனது என்பது தெரிந்தது. எவ்வளவு, எவ்வளவு? நூறு பங்கு நீரில் எடையளவில் 85 பங்கு உயிர்வளியும் 15 பங்கு ஹைட்ரஜனும் உண்டென லவாய்சியர் கணித்தார். பின்வந்தோர் இதனை மேலும் திருத்தினர். ஒரு சேர்மம் எங்கே, எவ்வாறு செய்யப்பட்டாலும் அதன் பகுதிகள் எடையில் மாறாத விகிதத்திலேயே இருக்கும் என்பதைப் பிரௌஸ்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். மாரிக்காலத்து மழைநீரும் கிணற்றுநீரும் தூய்மை செய்தபின் ஒரே விகிதம் உடையவை.

விகிதம் ஏன் மாறுவதில்லை? இதற்கு விடை தந்தவர் ஜான் டால்டன். இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் நெசவாளரின் மகனாய் 1766ஆம் ஆண்டில் பிறந்து, பன்னிரண்டாம் வயதிலேயே பள்ளி நடத்தத் தொடங்கியவர் அவர். ஒவ்வொரு தனிமமும் பிளக்க முடியாத அணுக்களால் ஆனது; ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையின; அவை முழு எண்களிலேயே சேரும் என்பது அவர் கொள்கை. அரை அணுவோ கால் அணுவோ சேர முடியாதாகையால் விகிதம் மாறுவதில்லை. 1808ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் இதனை விரித்துரைத்தார். அணு பற்றிய எண்ணம் கிரேக்கத்திலும் நம் நாட்டு வைசேடிகர்களிடத்தும் முன்பே இருந்ததுதான். அணுவுக்கு எடை உண்டு, அதனைக் கணக்கிட முடியும் என்றதே டால்டனின் புதுமை.

ஆனால் எண்ணிக்கை தெரியாமல் எடையைக் கணக்கிடுவது எங்ஙனம்? நீரில் ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு 7 பங்கு உயிர்வளி உண்டென அன்றைய அளவைகள் காட்டின. இன்றைய செம்மையான அளவு ஒன்றுக்கு ஏறத்தாழ 8 ஆகும். நீர் ஓர் அணு ஹைட்ரஜனும் ஓர் அணு உயிர்வளியும் சேர்ந்தது என்றால் உயிர்வளி அணு 7 மடங்கு எடையுடையது. ஹைட்ரஜன் அணு இரண்டு என்றால் 14 மடங்கு. இரண்டில் எது உண்மை? டால்டனுக்குத் தெரிய வழியில்லை. இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம் மட்டும் அறியப்பட்டிருந்தால், அதில் ஒன்றும் ஒன்றும் இருப்பதாகக் கொள்ளலாம் என்று எளிமை கருதி ஒரு விதியை வகுத்துக்கொண்டார். ஆகவே டால்டனின் நீர் ‘எச் ஓ’ ஆயிற்று. அந்த மாணவியின் வினா டால்டனையும் திகைக்கச் செய்த வினாவே.

அரை அணுவின் சிக்கல்

விடைக்குரிய சான்று அதற்கு முன்னரே கிடைத்திருந்தது. 1800ஆம் ஆண்டில் வோல்ட்டாவின் மின்கல அடுக்கு அறிமுகமானவுடன், இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தினர். ஒரு கம்பியில் ஹைட்ரஜனும் மறு கம்பியில் உயிர்வளியும் குமிழ்களாய் எழுந்தன. ஹைட்ரஜனின் கன அளவு உயிர்வளியினதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. 1805ஆம் ஆண்டில் கே-லூசாக்கும் ஹம்போல்ட்டும் இவ்விகிதம் இரண்டுக்கு ஒன்றே என்று செம்மையாக அளந்து உறுதி செய்தனர். 1808ஆம் ஆண்டில் கே-லூசாக், வளிகள் எப்போதும் எளிய முழு எண் கன அளவுகளிலேயே சேர்கின்றன என்று விதி வகுத்தார். இரண்டு கலம் ஹைட்ரஜன், ஒரு கலம் உயிர்வளி. கிடைப்பது இரண்டு கலம் நீராவி.

சமமான கன அளவில் சமமான எண்ணிக்கைத் துகள்கள் இருந்தால், நீரில் ஹைட்ரஜன் இரண்டு, உயிர்வளி ஒன்று என்று எளிதில் முடிந்துவிடும். டால்டன் இதனை ஏற்கவில்லை. அவர் தடைக்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு கலத்தில் நூறு துகள் என்று கொள்வோம். நூறு உயிர்வளித் துகள்கள் இருநூறு நீராவித் துகள்களுக்குப் பங்கிடப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைத் துகளே கிடைக்கும். அணுவை இரண்டாகப் பிளப்பது யார்?

1811ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த அவகாட்ரோ இச்சிக்கலை அவிழ்த்தார். உயிர்வளியின் துகள் ஓர் அணு அன்று. இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு. பிளவுபடுவது மூலக்கூறு, அணு பிளவுபடுவதில்லை. ஹைட்ரஜனும் அவ்வாறே இரட்டை அணு மூலக்கூறு. இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜனும் ஒரு மூலக்கூறு உயிர்வளியும் சேர்ந்து இரண்டு மூலக்கூறு நீர் உண்டாகும். அணுவையும் மூலக்கூற்றையும் வேறுபடுத்திய அன்றே வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

எனினும் உலகம் செவிசாய்க்கவில்லை. அக்காலத்து வேதியியலின் தலைமகனாக விளங்கிய சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ், நேர்மின் தன்மையும் எதிர்மின் தன்மையும் உடையவையே ஒன்றையொன்று ஈர்த்துச் சேரும் என்று கருதினார். அவ்வாறாயின் ஒரே வகை அணுக்கள் இரண்டு எவ்வாறு இணைய முடியும்? தனிமங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையை 1813-14ஆம் ஆண்டுகளில் நமக்குத் தந்தவர் அவர்தாம். எழுத்தைத் தந்தவரே இரட்டை அணு மூலக்கூற்றுக்கு வழிவிடவில்லை என்பது வரலாற்றின் விந்தை.

ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்பு

அரை நூற்றாண்டு குழப்பத்தில் கழிந்தது. ஒரே பொருளுக்கு ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு வாய்பாட்டை எழுதியது. சாடிக்காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்திற்கு மட்டும் 19 வேறு வாய்பாடுகள் வழங்கியதைக் கெக்குலே 1861ஆம் ஆண்டு நூலில் தொகுத்துக் காட்டினார். பயிலும் மாணவர் எதனை நம்புவர்?

இக்குழப்பத்தைத் தீர்த்தவர் ஓர் ஆசிரியர் என்பது நாம் பெருமிதத்தோடு நினைக்கத்தக்கது. இத்தாலியின் செனோவா நகரில் வேதியியல் கற்பித்த கன்னிசாரோ, தம் மாணவர்க்குப் பாடத்தை எவ்வாறு தொடங்கி எவ்வாறு நடத்துகிறார் என்பதை 1858ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மறக்கப்பட்டிருந்த அவகாட்ரோவின் கருத்தே அதன் அடித்தளம். அவகாட்ரோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1856ஆம் ஆண்டில், மறைந்துவிட்டிருந்தார்.

கன்னிசாரோவின் வழி மிக எளியது. சமமான கன அளவுள்ள வளிகளில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றால், அவ்வளிகளை நிறுத்து ஒப்பிடுவதே மூலக்கூறுகளை நிறுத்து ஒப்பிடுவதாகும். இவ்வாறு ஒப்பிட்டால், ஹைட்ரஜன் மூலக்கூற்றின் எடையை 2 எனக் கொள்ளும்போது நீராவியின் மூலக்கூறு 18 ஆகிறது. அதில் 16 உயிர்வளி, 2 ஹைட்ரஜன். இனி, உயிர்வளி அடங்கிய பல சேர்மங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கரி ஓராக்சைடில் 16, கரிவளியில் 32, உயிர்வளியில் 32. எங்கும் 16 அல்லது அதன் மடங்கு. 16க்குக் குறைவாக எங்கும் இல்லை. ஆகவே உயிர்வளி அணுவின் எடை 16. ஹைட்ரஜனையும் அவ்வாறே நோக்கினால், ஹைட்ரஜன் குளோரைடில் அதன் பங்கு 1. அதற்குக் குறைவாக எதிலும் இல்லை. ஆகவே ஹைட்ரஜன் அணுவின் எடை 1. நீரில் இருப்பதோ 2. எனவே இரண்டு அணு!

வங்கியில் சில்லறைக் காசுகளைப் பையோடு தராசில் வைத்து எண்ணிக்கையைச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு காசின் எடை தெரிந்தால் பையைப் பிரிக்க வேண்டியதில்லை. நீரின் அணுக்களையும் அவ்வாறே எண்ணினர்.

1860ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் வேதியியலார் ஏறத்தாழ 140 பேர் கூடினர். உலக அளவில் வேதியியலார் கூடிய முதல் மாநாடு அது. கன்னிசாரோ அங்கே வாதாடினார். உடனே உடன்பாடு ஏற்படவில்லை. கூட்டம் முடியும் வேளையில் அவருடைய சிறு நூல் பலர் கையிலும் கொடுக்கப்பட்டது. வீடு திரும்பும் வழியில் அதனைப் படித்த செருமானியர் லோதர் மேயர், தம் கண்ணை மறைத்திருந்த திரை விலகியதாகப் பின்னர் எழுதினார். அவையில் இருந்த உருசிய இளைஞர் மெண்டலீவ், திருத்தமான அணு எடைகளைக் கொண்டு 1869ஆம் ஆண்டில் தம் தனிம அட்டவணையை அமைத்தார். மாநாட்டில் முடியாததை ஒரு பாடக்குறிப்பு முடித்தது.

தமிழில் வேதியியல்

இவ்வாறு வேதியியல் ஒழுங்குபட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே அது தமிழிலும் நூல்வடிவம் பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்சில் 1822ஆம் ஆண்டில் பிறந்து, 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் உருவான தமிழ் அறிவியல் நூல்களுள் ஒன்று 1875ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கெமிஸ்தம்’. பெயரே அக்காலத்தார் பட்ட பாட்டைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல்லின் ஒலியை எடுத்துத் தமிழ் ஈறு கூட்டிய ஆக்கம் அது. இன்று அச்சொல் வழக்கில் இல்லை; ஆனால் அந்த முதலடி இல்லையேல் அடுத்த அடிகள் இல்லை.

1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்து இதழும் நடத்தினர். வேதியியலைப் பொதுமக்களுக்கு விளக்க இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்னும் நூலை எழுதினார். ‘கெமிஸ்தம்’ ‘இரசாயனம்’ ஆகி, பின் ‘வேதியியல்’ ஆயிற்று. இலங்கையில் ‘மூலகம்’, ‘சேர்வை’, ‘ஒட்சிசன்’ என்பர். தமிழகத்தில் ‘தனிமம்’, ‘சேர்மம்’, ‘ஆக்சிஜன்’ என்பர். சொற்கள் வேறுபடலாம், கருத்து ஒன்றே. ஆக்சிஜன் என்னும் பெயர் பிழையான பொருளோடு பிறந்தும் நிலைத்ததை மேலே கண்டோம். சொல் ஒரு கைப்பிடியே. பற்றித் தூக்க வேண்டியது அதன் பின்னுள்ள கருத்தாகும்.

மலேசியப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபின், தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய இருமொழித் திட்டம் சில பள்ளிகளில் மீண்டும் ஆங்கிலத்திற்கு இடமளித்தது. எம்மொழி என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கில் தமிழின் பக்கம் நிற்கும் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு கடமை உண்டு. தமிழில் வினவும் குழந்தைக்குத் தமிழில் விடையளிக்க நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். “மனத்தில் இருத்திக்கொள்” என்பது எம்மொழியில் சொன்னாலும் விடையாகாது. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் வேதியியலை வேறு மொழியில் பயிலச் செல்கின்றனர். தனிமம் என்றால் என்ன, அணுவை எவ்வாறு எண்ணினர் என்பதைத் தாய்மொழியில் தெளிந்த பிள்ளைக்கு, அங்கே புதிய சொல் மட்டுமே சுமை. தெளியாத பிள்ளைக்குச் சொல்லும் சுமை, பொருளும் சுமை.

அந்த மாணவி இப்போது அப்பள்ளியில் இல்லை. அவளுக்கு உரிய காலத்தில் சொல்லாத விடையை, அடுத்து வந்த வகுப்புகளுக்குச் சொல்லி வருகிறேன். “யாரும் எண்ணவில்லை, அம்மா, நிறுத்தார்கள். முதலில் நீர் பிரியும் என்று கண்டார்கள். பிறகு எடையை அளந்தார்கள். கன அளவை அளந்தார்கள். ஒருவர் பிழையாகச் சொன்னார். இன்னொருவர் சரியாகச் சொல்லியும் ஐம்பது ஆண்டு யாரும் கேட்கவில்லை. கடைசியில் உங்கள் ஆசிரியரைப் போன்ற ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயன்றபோது உலகத்துக்கே புரிந்தது.”

அவ்வளவும் சொல்லி முடிக்க ஒரு பாடவேளை போதுமானது. அந்த ஒரு பாடவேளையை நாம் நம் மாணவர்க்கு மறுத்தல் ஆகாது.